வள்ளக் கணக்கில் ஒரு பட்டப்படிப்பு

இந்த ஊரில் ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. அது தெரியாமல் முதல் நாள் நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றேன். வயது நாற்பத்து மூன்று. மடியில் வைத்திருந்த பனிக்கோட்டு, எழுந்த வேகத்தில் கீழே விழுந்தது. உள்ளே வந்த பேராசிரியைக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். அவர் என்னைப் பார்த்து மிகுந்த கரிசனத்துடன், "கழிப்பறை இடது பக்கம், இரண்டாவது கதவு" என்றார். மரியாதைக்காக எழுந்தேன் என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் கழிப்பறைக்குப் போனேன். கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வகுப்பில் இருந்த மற்றவர்களும் என்னைப் போலத்தான்: ஒரு பேருந்து ஓட்டுநர், பேரன் எடுத்த ஒரு பெண்மணி, இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த ஒரு தாதி. எல்லோரும் எங்கோ ஒரு காலத்தில் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அதை முடிப்பதற்காகப் புதன்கிழமை மாலைகளில் கூடுகிறோம்.

நான் விட்டது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால். கொல்லிமலையில், சில ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் எங்கள் ஊர். மலையிலிருந்து இறங்கி, விடுதியில் தங்கி, அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம், மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தம்பி செல்வத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவால் தனியாக எங்கள் மானாவாரிக் காட்டைப் பார்க்க முடியாது. மூன்றாம் ஆண்டு கல்லூரி திறந்த நாளில் நான் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்தக் காடுதான். பிறகு முள்ளுக்குறிச்சிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். வெல்டிங் வேலைக்கு அவர் கனடா வந்தார், நான் பின்னாலேயே வந்தேன். மானிட்டோபா மாகாணத்தில் எங்கு நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் தரை ஒரே மட்டமாகத்தான் ஓடுகிறது. வந்த புதிதில் கண்ணை எதில் நிறுத்துவது என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றும். நிலத்தைச் சதுரம் சதுரமாக அறுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு விவசாயியிடம் எவ்வளவு நிலம் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வார், கணக்கு அதோடு முடிந்துவிடும்.

நான் விதை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஈரத்தாளில் வைத்த நூறு விதையில் எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஏன் முளைக்கவில்லை என்று எழுதுவது மாடியில் இருக்கும் பட்டதாரிகளின் வேலை. ஏன் என்று பல நேரம் எனக்கும் தெரியும். சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், எழுதும்போது அவர்கள் பெயரில் எழுதுவார்கள். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். பாதியில் விட்டவர்களுக்கென்றே அங்கே ஒரு படிப்பு இருக்கிறது. பழைய கல்லூரியில் படித்த பாடங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். மாலையில் வரலாம், கணினியிலும் படிக்கலாம். அதோடு, வாழ்க்கையில் கற்றதை எழுதி நிரூபித்தால் அதற்கும் கிரெடிட் தருகிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஏழு வருடத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்க உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அதற்கு ஆறு கிரெடிட் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதாவது பயிர் வளர்ப்பு, புள்ளியியல் என்று இரண்டு பாடம். கிடைக்காவிட்டால் அந்த இரண்டையும் மாலை வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும், இன்னும் ஒரு வருடம் போகும். அதைவிட, அந்த ஏழு வருடம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் பெரிது.

உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். ஒரே காட்டில் சாமையும் கடுகும் அவரையும் எப்படிக் கலந்து விதைப்போம், எந்த மண்ணுக்கு எந்தத் தினை என்று எல்லாவற்றையும் எழுதினேன். விளைச்சல் கணக்கும் போட்டேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பிட்ட பேராசிரியர் மார்க் ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தார்: 'எங்களுக்கு இரண்டு வள்ளக் காடுகள் மூன்று இருந்தன.' அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'வள்ளம் என்பது தானியம் அளக்கும் அளவை என்று நீங்களே அடிக்குறிப்பில் சொல்கிறீர்கள். பரப்பளவைக் கொள்ளளவால் சொல்ல முடியாது. எனவே பின்னால் வரும் விளைச்சல் கணக்குகள் எதற்கும் பொருள் இல்லை. ஒரே ஒரு முறை திருத்தி அனுப்பலாம்.'

மலையில் நாங்கள் நிலத்தைச் சாமை விதையால்தான் சொல்வோம். இரண்டு வள்ளம் விதை பிடிக்கிற காடு இரண்டு வள்ளக் காடு. சம்பந்தம் பேசும்போதும் அப்படித்தான், பங்கு பிரிக்கும்போதும் அப்படித்தான். ஏக்கரெல்லாம் பட்டாவில் இருக்கும், பட்டா பெட்டியில் இருக்கும். இதை வெளியாளுக்கு விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நேராக என் ஆலோசகர் ஹெதரிடம் போனேன். நல்ல மனுஷி. "இவ்வளவுதானா? ஏக்கராக மாற்றிவிடுங்களேன்" என்றார். "மாற்ற முடியாது" என்றேன். வள்ளத்துக்கு இத்தனை ஏக்கர் என்று ஒரு கணக்கு கிடையாது என்ற பொருளில் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "கணக்கு என்றால் எனக்கும் பயம்தான்" என்று, இலவசக் கணக்கு உதவி மையத்தின் அட்டை ஒன்றைக் கொடுத்தார். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவள் நான். அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

மார்கழியில் போய் இறங்கினேன். அறுவடை முடிந்து காடெல்லாம் அறுத்த பயிரின் தட்டையாக நின்றது. செல்வம் ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து முப்பது மீட்டர் டேப் வாங்கி வந்தான். சரிவை அளக்கப் பள்ளிக்கூடக் கோணமானி ஒன்றில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். அவன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே போனான், நான் மேலே நின்றேன்.

"ஏக்கா, அங்க பனியில சொகமா இருக்கறத உட்டுப்போட்டு, இங்க வந்து நம்ம காட்டையே அளக்கறியே. அந்த வாத்தியாரு என்ன, காட்ட வெலைக்குக் கேக்கறாரா?"

"கேட்டா குடுத்துருவியா? டேப்ப இழுத்துப் புடிடா."

மூன்று நாள் அளந்தோம். முதலாவது, வயலை ஒட்டிய சமதரைக் காடு. அடுத்தது, ஏர் ஏறுகிற சரிவு. மூன்றாவது கொத்துக்காடு, ஏர் ஏறாத செங்குத்தான இடத்தில் கொத்தால் கொத்தி விதைப்பது. மூன்றும் இரண்டு வள்ளம். மாலையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. சமதரைக் காடு கொத்துக்காட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் யோசித்தால் புரிகிறது. சரிவில் மழை விதையை அடித்துக்கொண்டு போகும், கல் இடுக்கில் விழுந்தது முளைக்காது, அதனால் நெருக்கி விதைப்போம். நல்ல மண்ணில் கலக்க, இடம் விட்டு விதைத்தால் போதும். வள்ளம் நிலத்தின் அளவைச் சொல்லவில்லை, நிலம் எவ்வளவு விதை கேட்கிறது என்பதைச் சொல்கிறது. இதை ஏழு வருடம் கையால் செய்திருக்கிறேன், ஆனால் எழுதும்போது எல்லா வள்ளமும் ஒன்று என்று வைத்துப் பெருக்கியிருக்கிறேன். மார்க் போட்ட கோடு பாதி நியாயம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. மறுநாள் காலையில் நாற்பது பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினேன். மூன்று காடு, ஒவ்வொன்றுக்கும் சரிவு, மண், விதை, பரப்பு என்று ஓர் அட்டவணை. விளைச்சலை அம்மா சொன்னாள். எந்த வருடம் எத்தனை மூட்டை என்று அவளுக்கு மனப்பாடம்.

அப்பா இதையெல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஊன்றுகோல் இல்லாமல் அவரால் நடக்க முடியாது. என் படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். இந்த முறை போகவில்லை. தாளில் என்ன எழுதுகிறேன் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

திருத்தியதை அனுப்பியதும் நேர்காணலுக்கு அழைத்தார்கள், வீடியோவில். எங்கள் ஊரில் எழுந்து நின்றால் சிக்னல் இருக்கும், உட்கார்ந்தால் போய்விடும். மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் தெரிந்தவர் கடையின் மாடியைக் கேட்டு வாங்கினான் செல்வம். அப்பாவும் வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார். கனடாவில் காலை எட்டு மணி, செம்மேட்டில் விளக்குப் போட்ட நேரம். மார்க் நான் நினைத்ததைப் போல முறைப்பான ஆளாக இல்லை. தொப்பியோடு, கையில் காப்பியோடு இருந்தார். அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். நான் என் பழைய தவறை நானே முதலில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "புதிதாகத் திருத்திய ஒரு நிலம். இதற்கு முன்னால் யாரும் விதைத்ததில்லை. அது எத்தனை வள்ளம் என்று எப்படித் தெரியும்?"

நான் புதுக்காடு விதைத்ததில்லை. திரும்பி அப்பாவிடம் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் திரையைப் பார்த்து, கலெக்டரிடம் பேசுவதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மொத வருசம் தெரியாதுங்க சாமி. தப்பாத்தான் வெதைப்போம். பயிரு நெருக்கமா வந்தா அடுத்த வருசம் கொறைப்போம், கலப்பா வந்தா கூட்டுவோம். மூணாவது வருசம் காடே சொல்லிப்போடும்ங்க."

ஆங்கிலத்தில் சொன்னேன். மார்க் எழுதிக்கொண்டார். "நாங்களும் அதைத்தான் செய்கிறோம். அதற்கு ஆராய்ச்சி மானியம் வாங்குகிறோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்களுக்குத் தெரிந்ததா, உங்கள் தந்தைக்குத் தெரிந்ததா?" என்றார். "இது அவருக்கு. அட்டவணை எனக்கு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். நாற்பத்து மூன்று வயதில் பட்டத்துக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜீப்பில் திரும்பும்போது ஆறில் எத்தனை போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

முடிவு வந்தபோது நான் கனடா திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கேட்டது ஆறு, கிடைத்தது மூன்று. பயிர் வளர்ப்புப் பாடத்துக்குக் கிரெடிட் கொடுத்துவிட்டார்கள். புள்ளியியல் பாடத்தை நான் படித்தே ஆக வேண்டும். ஹெதர் எனக்கு ஆறுதல் சொல்வதற்குத் தயாராக, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தார். "அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கலாமா?" என்று நான் கேட்டதும் அந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பெயர் கொடுத்தாயிற்று. புதன்கிழமையோடு இப்போது வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு கிரெடிட் தரலாம்.

மதிப்பெண் பட்டியல் கணினியில் வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அது எங்கே கற்கப்பட்டது என்று ஒரு வரிசை. மேலே பதினான்கு பாடங்களுக்குப் பழைய கல்லூரியின் பெயர். நடுவில் ஒரே ஒரு வரியில், ஆங்கில எழுத்தில், அரியூர் நாடு. விண்ணப்பத்தில் கல்வி நிலையம் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று நான்தான் நிரப்பினேன், அதை யாரும் மாற்றவில்லை. படமெடுத்துச் செல்வத்துக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"நம்மூருல எப்பக்கா காலேஜ் கட்டுனாங்க? சொல்லவே இல்ல. எனக்கும் ஒரு சீட்டுச் சொல்லி வை" என்று சிரித்தான். பிறகு போனை அப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா முதலில் இருமினார். "செல்வம் படிச்சுக் காமிச்சான்" என்றார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்த ஏழு வருசம் வீணாப் போகல இல்ல, கண்ணு?"

இருபத்திரண்டு வருடமாக அவர் என்னிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. "இல்லீங்கப்பா" என்றேன். அதற்கு மேல் அவரும் எதிர்பார்க்கவில்லை போல, "சரி சாமி, நேரத்துக்குச் சாப்புடு" என்று வைத்துவிட்டார்.

பட்டியல் இன்னும் திரையில் இருந்தது. அரியூர் நாடு என்ற வரிக்குக் கீழே அடுத்த வரி: புள்ளியியல், கற்கும் இடம் இந்தத் தட்டையான ஊர், மதிப்பெண் கட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். நான் பனிக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை. பேருந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.