இஞ்சிக் கை

இன்று ஜிஞ்சர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததும், காக்ஸ் டவுனில் இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் முன்பிருந்த சோடா கம்பெனியின் பின்கட்டு அப்படியே மூக்கில் ஏறியது. பள்ளி விட்டதும் அங்கே போய், அம்மாவும் அக்காவும் விரித்திருக்கும் கோணியில் உட்கார்ந்து, 'ஜிஞ்சர் பீர்' பானத்துக்காக ஸ்பூன் விளிம்பால் இஞ்சித் தோலைச் சுரண்டுவேன். உள்ளே பாட்டில்கள் கிணுகிணுக்க, இங்கே விரல்கள் திகுதிகுவென்று எரியும். கான்வென்டில் பக்கத்துப் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்களென்று, தினமும் காலையில் அம்மா என் கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துவிடுவாள்.

காலேஜில் சேர்ந்திருந்த அக்கா ஒருநாள் தடித்த அகராதியை மடியில் விரித்து, 'ஜிஞ்சர்' என்ற சொல் வந்த வழியைப் பின்னோக்கிப் படித்தாள்: பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், பிராகிருதம், கடைசியில் நம் 'இஞ்சி வேர்'.

அம்மா சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அப்போ தொரைங்க இத்தினி காலமா நம்ம பேரச் சொல்லித்தான் கேட்டு வாங்கிக் குடிச்சிருக்காங்க."

மறுநாள் காலை எலுமிச்சைத் தோலோடு வந்தவளிடம் நான் கையை நீட்டவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. அன்று வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முதலில் உயர்ந்தது என் இஞ்சிக் கைதான்.