ஆறு வாசித்த மூங்கில்

மஸ்லியானி பாட்டு டீச்சர். மர்த்தபூரா ஆற்றின் மேல் மரத்தூண்களில் நிற்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. அதில் என் கணக்கு வகுப்புக்கு அடுத்த அறை அவருடையது. நடுவில் இருப்பது பலகைச் சுவர்தான். அவர் பாடத் தொடங்கினால் என் பிள்ளைகளின் கண்கள் மெல்லச் சொருகும். பின்னமும் தசமமும் எங்கோ மிதந்து போய்விடும்.

ஒரு வருடம் தொழில்நுட்ப வகுப்பு எடுத்தவர் மாற்றலாகிப் போனார். ரம்பம், சுத்தியல், துளைப்பான் எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் மஸ்லியானியின் தலையில் கட்டிவிட்டார்.

"எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது, பாக் சர்காவி," என்று என்னிடம் வந்து நின்றார். எங்கள் ஊரில் ஆசிரியரை 'பாக்', ஆசிரியையை 'இபு' என்றுதான் கூப்பிடுவோம்.

"விரல்ல அடிக்காம இருந்தா அதுவே போதும்," என்றேன்.

மறுநாள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அந்த விரலைத் தூக்கிக் காட்டித்தான் வகுப்பையே தொடங்கினார். "பாத்தீங்கல்ல, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

எப்போதும் தரைப்பலகை இடுக்கு வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் ரஹ்மினி எழுந்தாள். "இபு, கீழ தண்ணி சும்மாவே போயிட்டிருக்கு. அதைப் பாட வைக்கலாமா?"

"ஆத்துக்குத் தொண்டை எங்கடி இருக்கு?" என்றான் அன்ஷாரி. வகுப்பு சிரித்தது. மஸ்லியானி சிரிக்கவில்லை. இடுக்கு வழியாக அவரும் குனிந்து பார்த்தார்.

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று கிடைத்தது. எண்ணெய் டப்பாக்களை வெட்டி அதில் துடுப்புகள் கட்டினார்கள். சக்கரம் சுற்றினால் ஓர் உருளை சுற்றும். உருளையில் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் சின்னச் சுத்திகளைத் தூக்கித் தூக்கி மூங்கில் குழாய்களின் மேல் போடும். குழாய்களுக்குச் சுருதி சேர்ப்பது மட்டும் மஸ்லியானியின் வேலை. தட்டுவார், கண்ணை மூடுவார், "இன்னும் ஒரு மயிரிழை சீவு" என்பார். மூங்கில் தூள் வெயிலில் பொன்னாக மிதக்கும்.

பள்ளிக்கு அடியில் ஆற்றில் இறக்கிய முதல் தடவை சக்கரம் அசையவே இல்லை. மரச்சுத்திகள் கனம். அவற்றைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பை வெட்டி வைத்தார்கள். அடுத்து ஆகாயத்தாமரை வந்து சிக்கியது. அதைத் தடுக்க மூங்கில் தட்டி கட்டினார்கள்.

பிறகு ஒரு காலையில், கடலிலிருந்து ஏற்றம் வந்து ஆறு மேல்நோக்கி நடந்தபோது, எங்கள் காலடியில் பாட்டு எழுந்தது. மஸ்லியானி அமைத்த மெட்டுதான். ஆனால் தண்ணீரின் அவசரத்துக்கும் சோம்பலுக்கும் ஏற்றபடி நீண்டும் சுருங்கியும் வந்தது. காய்கறிப் படகுக்காரிகள் துடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

மதியம் ஏற்றம் வடிந்தது. ஆறு திரும்பியது, சக்கரமும் திரும்பியது. ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் செதுக்கியிருந்த முளைகள் சுத்திகளை மாட்டி இழுத்தன. சுத்திக் காம்புகள் எல்லாம் படபடவென்று முறிந்தன. ரஹ்மினி அழுதுவிட்டாள்.

மஸ்லியானி அவள் பக்கத்தில் ஈரப்பலகையிலேயே உட்கார்ந்தார். "ஆத்து மேலயே பொறந்து வளர்ந்திருக்கோம். அது திரும்பி வரும்னு நம்மள்ல ஒருத்தருக்காவது தோணுச்சா?"

"பாக் சர்காவிக்குக் கூடத் தோணல," என்றான் அன்ஷாரி. அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள்.

முளைகளை இரு பக்கமும் உருட்டிச் செதுக்கினார்கள். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் இனி சுத்தி மாட்டாது. ஆறு இறங்கும்போது மெட்டு கடைசியிலிருந்து முதலுக்கு வந்தது. யாரும் எழுதாத பாட்டு. மஸ்லியானி வாசலில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் புதுச் சக்கரம் செய்கிறார்கள்; தண்ணீர் பழையதைத் தின்றுவிடும். பரீட்சை நாட்களில் கயிற்றால் சக்கரத்தைத் தூக்கிக் கட்டுவது என் பொறுப்பு. இந்த வருட வகுப்புக்கு மழையையும் பாட வைக்க வேண்டுமாம். நேற்று கூரைக்கு ஏணி சாய்த்திருந்தார்கள். முதலில் ஏறியவர் மஸ்லியானி, வாயில் நாலு ஆணியுடன்.