ஊர் கேட்காத கஞ்சி

கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் புத்த சங்கம் இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரே அறை. சுவரில் புத்தர் படம், அதன் கீழே வெள்ளைத் துணி விரித்த பலகை, மூலையில் ஒரு கஞ்சி அண்டா. அந்த அண்டாவைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவள் மாயம்மாள்.

அவளுடைய அப்பா நகராட்சியில் மலக்கூடை சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பிறந்தவள் அவள். தமிழ் பேசுகிறவர்கள் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, “எந்த ஊரு?” அடுத்தது, “ஊர்ல எந்தத் தெரு?” அதற்குப் பதில் சொன்னதும், நீட்டிய தண்ணீர்ச் சொம்பு பின்னால் போய்விடும். அந்தச் சொம்பை அவள் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் லைனிலிருந்து சில குடும்பங்கள் பௌத்தம் தழுவின. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நீலகண்டன் அறையை வாடகைக்குப் பிடித்தார். கூலி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து காலையில் முக்கில் நிற்கிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும் கொடுப்பதென்று முடிவானது. அன்று மாயம்மாள் ஒரே ஒரு விதி வைத்தாள்.

“இங்க வர்ற ஆளோட ஊர் கேக்கக் கூடாது. யாரும் சொல்லவும் வேண்டாம்.”

“அப்போ எங்கேருந்து வர்றான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார் நீலகண்டன்.

“பசியிலேருந்து வர்றான் சேட்டா. அது போதும்.”

பிச்சை என்ற சுமைக்காரன் இரண்டு மழைக்காலங்களாக அந்தக் கஞ்சியைக் குடித்தான். தனியாள். பேச்சுக் குறைவு. கிடங்கு வாசலில் சாக்கை விரித்துப் படுப்பான். இடது காது மடலில் பாதி இருக்காது.

“என்னடா அது?” என்று கேட்டதற்கு, “குடிசையில எலி தின்னுருச்சு அக்கா. நல்லவேளை, மூக்கு கூரா இருந்ததால தப்பிச்சுது” என்றான். மாயம்மாள் சிரித்தாள். சொந்தத் தம்பி இல்லாத குறை அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கரைந்தது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலை அவன் முகத்தில் புது வெளிச்சத்தோடு வந்தான். தட்டை நீட்டியபடியே, “அக்கா, எங்க ஊர்ல...” என்று ஆரம்பித்தான்.

“ஊர்க்கதை இங்க வேண்டாம்டா. கஞ்சி ஆறுது, குடி.”

அவன் வாயை மூடிக்கொண்டான். கோபமில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படியிறங்கினான்.

அன்று மத்தியானம் அவன் மூட்டை சுமந்த வேறொரு பழைய கிடங்கின் சுவர் மழையில் ஊறிச் சரிந்தது. அடியில் பிச்சை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: எந்த ஊர்? உறவு யார்? நீலகண்டன் மாயம்மாளைப் பார்த்தார். மாயம்மாள் தரையைப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்களுக்கும் “ராமநாதபுரம் பக்கம்” என்பதற்கு மேல் தெரியவில்லை. அநாதைப் பிணமாகப் போக விடாமல் சங்கம்தான் உடலை வாங்கியது. ‘புத்தம் சரணம் கச்சாமி’ சொல்லி எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைக்கப் புறப்பட்டபோது அவள் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“கரைச்சிரலாம் மாயம்மா. யாருக்காக வைக்கப் போற?”

“யாரோ ஒருத்தி வாசலைப் பாத்துட்டு இருப்பா சேட்டா. சொல்ல வந்தவன் வாயை நான்தான் அடைச்சேன். அவ கையிலதான் இதைக் கொடுக்கணும்.”

கலயம் புத்தர் படத்தின் கீழே அமர்ந்தது. மறுநாளிலிருந்து, வாழ்நாளெல்லாம் வெறுத்த கேள்வியை அவளே கேட்க ஆரம்பித்தாள். கரண்டியோடு நின்று, “எந்த ஊரு தம்பி?” என்பாள்.

சிலர் தட்டோடு விலகினார்கள். முத்துராமலிங்கம் என்ற கொத்தனார் சிரித்தான். “ஊர் கேக்காத கஞ்சின்னு சொன்னாங்க. இப்ப விசாரிச்சுட்டுத்தான் ஊத்துவீங்களோ? பக்கத்துச் சாயாக்கடையே தேவலாம்.”

அந்தச் சொல் அவளைச் சுட்டது. தான் கூசிய கேள்வியால் தானே பிறரைக் கூச வைக்கிறோம் என்று புரிந்தது. விதியை வைத்தவள் விலையையும் கொடுக்க வேண்டாமா? அடுத்த காலை அண்டாவின் மூடியைத் திறக்கும் முன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நான் முதல்ல சொல்லிடறேன். நான் தோட்டி லைன் பொண்ணு. எங்கப்பா மலம் அள்ள வந்தவரு. இந்தக் கஞ்சி என் கையால காய்ச்சினது. வேண்டாம்னா போகலாம். இருக்கிறவங்க ஊரைச் சொல்லுங்க. காது மடல் பாதி இல்லாத பிச்சைன்னு ஒருத்தன் எந்த ஊர்க்காரன்னு விசாரிக்கணும். அதுக்குத்தான், வேற ஒண்ணுக்கும் இல்ல.”

நேற்றுவரை “அக்கா” என்றவர்களில் பாதிப் பேர் படியிறங்கிப் போனார்கள். அண்டாவில் கஞ்சி மிஞ்சியது. நீலகண்டனின் கண் கலங்கியது. அவள் கண் கலங்கவில்லை. முத்துராமலிங்கம் போகாமல் நின்றான். தட்டை நீட்டி, “பரமக்குடிக்குக் கிழக்க. பொங்கலுக்குப் போறப்போ கேக்கறேன்” என்றான். குரலில் பழைய கிண்டல் இல்லை.

அப்படி ஒவ்வொருவராகச் செய்தியை ஊருக்குச் சுமந்தார்கள். பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு, சாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும். பௌர்ணமிகள் வந்து போயின. கலயம் அங்கேயே இருந்தது.

எண்பத்து நான்கில், ஒரு வெயில் காலையில், இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி படியேறி வந்தாள். பேச்சியம்மாள். நெற்றியில் கலைந்த பொட்டு.

“காது பாதி இல்லாதவருன்னு திருவிழாவுல ஒரு கொத்தனாரு சொன்னாரு. அவரு என் வீட்டுக்காரரு. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, பொட்டு வைக்கவா அழிக்கவான்னு தெரியாம நிக்கிறேன்க்கா.”

மாயம்மாள் கலயத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பேச்சியம்மாள் அலறவில்லை. முந்தானையால் கலயத்தைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டாள்.

மாயம்மாள் ஒரு தட்டில் கஞ்சி ஊற்றி வைத்தாள். பேச்சியம்மாள் கை நீட்டியபடியே கேட்டாள்: “நீங்க எந்த ஊரு அக்கா?”

மாயம்மாள் மறைக்கவில்லை. லைன், அப்பா, கூடை, எல்லாம் சொன்னாள். பேச்சியம்மாளின் கை ஒரு கணம் நின்றது. முன்னால் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. பழைய சொம்பு மாயம்மாளின் கண்முன் வந்து போனது.

“அவரு இதைத்தான் குடிச்சாரா?”

“தினமும். அந்தத் தட்டுலதான்.”

பேச்சியம்மாள் தட்டை இழுத்து, முதல் வாயைக் குழந்தைக்கு ஊட்டினாள். “உங்கப்பா குடிச்சது. குடி” என்றாள். பிறகு தானும் குடித்தாள்.

சாயங்காலம் போர்ட் கொச்சிக் கரையில் சாம்பலைக் கரைத்தார்கள். திரும்பும்போது மாயம்மாள் நின்றாள்.

“கடைசி நாள் அவன் ‘எங்க ஊர்ல’ன்னு எதையோ சொல்ல வந்தான். நான் கேக்கல. உனக்குத் தெரியுமா?”

பேச்சியம்மாள் கடலைப் பார்த்தாள்.

“கம்மாயில தண்ணி நெறைஞ்சிருச்சுன்னு கொச்சிக்கு வர்ற லாரிக்காரர்கிட்ட சொல்லி அனுப்பிச்சேன். பல வருசம் கழிச்சு நெறைஞ்ச கம்மா. நாத்துப் பாவப் போறோம், பொழுதோட வந்துருங்கன்னு. அந்த லாரி அப்புறம் எங்க பக்கம் வரவேயில்ல. அதைத்தான் சொல்ல வந்திருப்பாரு, ஊருக்குக் கிளம்புறேன்னு.”

மாயம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடியில் ஏறிக்கொண்டது.

“சொல்லு தாயி,” என்றாள் அவள். “உங்க ஊரைப் பத்திச் சொல்லு. எந்தத் தெரு, எந்த வீடு, கம்மா எந்தப் பக்கம். ஒண்ணும் விடாம எல்லாம் சொல்லு.”

பேச்சியம்மாள் சொல்லத் தொடங்கினாள்.