ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தெரியும் கோடு

செகந்திராபாத்தை அடுத்த எங்கள் லோத்குண்டா வீட்டில் ஒரே குளியலறை. காலை ஆறிலிருந்து ஏழு வரை அது மாமனாருக்குச் சொந்தம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் சங்குச் சத்தத்துக்கு எழுந்து பழகியவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சங்கைத் தனக்குள் ஊதிக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால் எனக்குக் கிடைப்பது நான்கு நிமிடம். கதவைத் தட்ட மாட்டார். வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். அதற்குத் தட்டியே விடலாம்.

கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு ஐந்து நிமிடம் வேண்டும்.

நான் வாங்கியது மெடிக்கல் ஷாப்பில் இருப்பதிலேயே மலிவானது. விரல் நீளப் பிளாஸ்டிக் அட்டை, அதில் ஒரு குழி, ஒரு சின்ன சன்னல். காலையின் முதல் சிறுநீரைக் குழியில் மூன்று சொட்டு விட வேண்டும். சன்னலில் ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் உண்டு. ஐந்தாம் நிமிடம் பார், பத்து நிமிடம் தாண்டினால் பார்க்காதே என்று உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். லோத்குண்டாவில் வாங்க முடியாது; தெருமுனைக் கடைக்காரர் மாமனாரோடு தினமும் வாக்கிங் போகிறவர். அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் அட்மிஷன் மேசையில் எனக்கு வேலை. அங்கே ஹாஸ்டல் பெண்களின் கூட்டத்தில் நின்று வாங்கினால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நாள் தள்ளிப்போகும் வரை பொறுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அது முடியாது. மாலையில் விளக்கேற்றுவது மருமகளின் வேலை. மாதத்தில் மூன்று நாள் நான் பூஜை அறைப் பக்கம் போகாவிட்டால் அத்தை எழுந்து போய் ஏற்றுவார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வாய் திறந்து எதையும் கேட்கிறவர் அல்ல. ஆனால் எந்தத் தேதியில் நான் ஒதுங்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தத் தேதி தாண்டி நான் ஏற்றும் ஒவ்வொரு விளக்கும் வீட்டுக்கு ஓர் அறிவிப்பு. கல்யாணமாகி மூன்றாவது வருடம் அது. விளக்கு சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று இருந்தது.

அதனால் சொட்டு விடுவது வீட்டில், பார்ப்பது ஆபீசில். அட்டையைப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். செகந்திராபாத்தில் இறங்கி மெட்ரோ. ஆபீஸ் பாத்ரூமில் திறக்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பாரடைஸிலா, பேகம்பேட்டிலா, எந்த ஸ்டேஷனில் அந்த இருட்டுக்குள் கோடு எழும்பியது என்று யாருக்குத் தெரியும்? மடியில் பையை வைத்திருக்கும்போது, உள்ளே ஏதோ ஒன்று என்னிடம் சொல்லாமல் வந்து உட்காருவதாகத் தோன்றும். ஏஸி பெட்டியிலும் கழுத்து வியர்க்கும்.

இரண்டு மாதம் அப்படி இரண்டாவது கோடு வந்தது. கோடு என்றும் சொல்ல முடியாது, துடைத்த சிலேட்டில் மிஞ்சும் தடம். இரண்டு தடவையும் ஆனந்தப்பட்டேன். கணவரிடம் காட்டினேன். லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹவ், இருக்கற மாதிரிதான் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்குப்பா" என்றார். செகந்திராபாத்திலேயே வளர்ந்த குடும்பம்; ஆமாம் என்றால் ஹவ், வேண்டாம் என்றால் நக்கோ. இரண்டு தடவையும் சொல்லி வைத்தாற்போல் தேதிக்குத் தூரம் வந்துவிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து அவரிடம் காட்டுவதை நிறுத்தினேன்.

ஒரு நாள் ஸ்டேப்ளர் பின் தேடி மேசையின் அடி டிராயரைத் திறந்தேன். பழைய அட்டைகளை அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். ஒன்றுமில்லை என்று நான் கண்ணால் பார்த்து ஒதுக்கிய அட்டைகள் அவை. இப்போது எல்லாவற்றிலும் இரண்டு கோடு. பூட்டிய டிராயரில், யாரும் பார்க்காத நேரத்தில், ஒவ்வொன்றாக வந்து நின்றிருந்தன. டிராயரை இழுத்துச் சாத்தினேன். எதிரே அட்மிஷனுக்கு வந்த பையனின் அப்பா, "என்ன மேடம், சீட் இல்லையா?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம், தேதிக்கு முந்தின நாள், ஆபீசில் கூட்டைத் திறந்தால் மறுபடி அந்தக் கோடு. இந்த முறை எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு அட்டையை எடுத்து, என் பாட்டில் தண்ணீரை மூன்று சொட்டு விட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீருக்கும் இரண்டு கோடு. பாத்ரூம் டியூப்லைட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. என் பாட்டிலும் முழுகாமல் இருக்கிறது என்று சிரித்தேன். பிறகு என் அட்டையைப் பார்த்து, "நீ கிடையாது" என்று சத்தமாகவே சொன்னேன். டைல்ஸ் அதைத் திருப்பிச் சொன்னது.

தேதி வந்தது, போனது. மறுநாளும் விளக்கேற்றினேன். அதற்கு மறுநாள் நான் பக்கெட்டில் கை வைத்ததும் அத்தை ஓடி வந்து, "தூக்க நக்கோ, வைம்மா" என்றார். அன்றைக்கு என் தட்டில் நெய் கூடுதலாக விழுந்தது. மாமனார் காலையில் செருமவில்லை. அந்த மௌனம் என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர்க் கோடு மாதிரி ஒரு பொய்யை நம்பி ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கோ மறுநாளோ உடையப்போகிறது என்று நினைத்தேன். அவர்கள் முகம் விழுவதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அன்று மாலை அடுப்படியில் நின்று, "அத்தை, நீங்களே ஏத்திடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது பொய். எனக்கு எதுவும் வந்திருக்கவில்லை.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு புடவையை உதறிக்கொண்டு பூஜை அறைக்குள் போனார். மூன்று நாள் வராத தூரத்துக்கு ஒதுங்கியிருந்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த ராணுவ நிலத்து மரங்களைப் பார்த்தபடி பின்பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். மாலையானால் அங்கே ஒரு பறவைகூடச் சத்தம் போடாது. நான் சொன்னதை அத்தையைத் தவிர வேறு யாரோ கேட்டுக்கொண்டிருந்ததாக ஓர் எண்ணம் வந்தபடியே இருந்தது. தலையை உலுக்கிக்கொண்டு எழுந்து போவேன்.

நான்காம் நாள் காலை, தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது வந்தது. கூப்பிட்டதற்கு வந்ததைப் போல, நான் பொய்யாகக் குறித்துக் கொடுத்த மூன்று நாள் முடிந்த கையோடு. வயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். வெளியே சொல்ல வழியில்லை; வீட்டுக் கணக்கில் அது முடிந்துபோன விஷயம். மாலையில் அந்த வலியோடு பூஜை அறைக்குள் போய் விளக்கேற்றினேன். என் பின்னால் அத்தை கண்ணை மூடி, கையைக் கூப்பி, நெடுநேரம் நின்றார். தொடையில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. தீக்குச்சி விரலைச் சுடும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் வலி நிற்கவில்லை. ஆபீசில் சொல்லிவிட்டு, அட்டைகளைக் கூட்டில் போட்டுக்கொண்டு, சைனிக்புரியில் ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கரு இருந்திருக்கிறது, இப்போது கலைந்துகொண்டிருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. தண்ணீருக்கும் கோடு வந்ததே என்று இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தேன். அவர் அவற்றைச் சன்னலுக்குக் கொண்டுபோய் மிச்சமிருந்த பகல் வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீரின் கோடு சாம்பல் நிறம், நேரம் தாண்டி ஈரம் காய்ந்ததும் தெரியும் வெறும் தடம். என் கோடு ரோஜா நிறம். மெலிசாக, ஆனால் சந்தேகமில்லாமல் ரோஜா. இத்தனை சீக்கிரம் பார்த்திருக்காவிட்டால் நாலைந்து நாள் தள்ளி வந்த தூரம் என்றே நினைத்திருப்பீர்கள், நீங்கள் எதுவும் செய்து இது போகவில்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அறிவுக்குப் புரிந்தது. ஆனாலும் நான் அதனிடம் கிடையாது என்று சொன்னேன், வீட்டில் போய்விட்டது என்று சொன்னேன், அது நான் சொன்னபடி கேட்டது. அன்றைக்கு இருந்தது குற்ற உணர்ச்சி மட்டுமல்ல, பயமும்தான்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தையிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வருடம் மறுபடி நாள் தள்ளியது. இந்த முறை அட்டை வாங்கவில்லை. பத்து நாள் பொறுத்து, அத்தையைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு படிவம் நிரப்பினாள். முதல் குழந்தையா என்று தெலுங்கில் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "ஹவ் ஹவ், இதே மொதட்டிதி" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

"இல்லை, ரெண்டாவது" என்றேன்.

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். அத்தை என் பக்கம் திரும்பினார். "ரெண்டாவதா? என்ன சொல்றே? மொதலாவது எப்போ?"

"போன வருஷம் உங்களை விளக்கேத்தச் சொன்னேனே அத்தை. அது பொய். அந்த மூணு நாளும் உள்ளதான் இருந்துச்சு."

அத்தை விரல்விட்டு எண்ணவில்லை. அவருக்கு எந்த நாளும் மறக்காது.

"நாலாம் நாள் நீ ஏத்துனப்போ நான் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்" என்றார். "ஒண்ணு வரணும், ஒண்ணே ஒண்ணு வரணும்னு வேண்டிக்கிட்டு நின்னேம்மா. அப்பவா போயிட்டிருந்துச்சு?"

"ஆமா அத்தை" என்றேன்.