தீயில்லாத மணி

இந்த நாட்டில் தீ இல்லாமலே தீமணி அடிக்கிறார்கள். அடித்ததும் எழுதிக்கொண்டிருப்பவர்கூடப் பேனாவை வைத்துவிட்டுப் புல்வெளிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் 'ப்ரெசன்ட்' என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பலாம். இதற்கு ட்ரில் என்று பெயர். ஊரில் இருக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்படியில்லை.

பதுளையில் படித்துக்கொண்டிருந்தபோது உதவிப்பணம் கிடைத்து, இங்கிலாந்தின் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றுக்கு வந்தவள் நான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு வருடப் படிப்பு; பல தேசத்துப் பிள்ளைகள். ஆறு பாடம் போதாதென்று நாடகம் போட வேண்டும், பாறை ஏற வேண்டும், முதியோர் இல்லத்தில் பணி செய்ய வேண்டும். 'நமக்குத் தெரியும் என்பது நமக்கு எப்படித் தெரியும்?' என்று அதற்கும் ஒரு வகுப்பு. முழு மனிதராக்காமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது. மலையில் பிறந்தவளுக்குப் பாறை பயமில்லை. மணிதான் பயம்.

முதல் ட்ரில் அன்று என் கால்கள் புல்வெளிக்குப் போகவில்லை. கட்டடத்துக்குப் பின்னாலிருந்த புதருக்குள் குப்புறப் படுத்துவிட்டேன். இங்கே குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான். "ராமையா! ராமையா!" என்று விடுதிப் பொறுப்பாளர் அம்மையார் கத்தினார். நான் மூச்சுவிடவில்லை.

எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெயரைத் தினமும் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. இனக்கலவரத்தன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தவர்களும் அதே பெயரைத்தான் கூப்பிட்டார்கள். "ராமையா, பயப்படாத, வெளிய வா" என்று நல்ல தமிழில், பழகிய குரலில். தேயிலைச் செடிகளுக்குள் கிடந்த அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"யாரு கூப்புட்டாலும் வாயத் தொறக்காத புள்ள. செத்தாலும் தொறக்காத."

அப்பா பக்கத்தில் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தார். வாய் திறக்காததால்தான் பிழைத்தோம்.

அம்மையார் கடைசியில் என்னைப் புதருக்குள் கண்டுபிடித்தார். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து இரண்டு ஆசிரியர்கள் கட்டடத்துக்குள் திரும்ப ஓடியிருக்கிறார்கள். இன்னொரு முறை நடந்தால் இங்கே வைத்திருக்க முடியாது என்றார். திருப்பி அனுப்பினால் எங்கே போவேன், எரிந்த லயத்துக்கா? "மணி அடித்தால் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார். என் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. தேயிலைச் செடிக்குள் என்று சொல்ல வந்து "டீ... டீக்குள்ள" என்று உளறினேன். பாவம், எனக்குக் குளிர் என்று நினைத்துப் பால் ஊற்றித் தேநீர் கொண்டுவந்தார். அழுதுகொண்டே குடித்தேன்.

பிறகு ஒருநாள் அந்த 'எப்படித் தெரியும்' வகுப்பில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அது அம்மையார் காதுக்கும் போனது. அடுத்த ட்ரில்லில் பெயர் கூப்பிடும் பணியை என்னிடமே கொடுத்தார். முள்ளை முள்ளால் எடுக்கப் பார்த்திருக்கிறார்.

போன வாரம் மணி அடித்தது. புல்வெளியில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். எல்லோரும் பதில் சொன்னார்கள். என் முறை வந்தது.

"ராமையா" என்றேன்.

அம்மையார், சொல் என்பதுபோலத் தலையசைத்தார். சொல்லிவிட்டால் இங்கேயே இருக்கலாம். கூப்பிட்டது என் குரல்தான் என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் கை என் வாயைவிட்டு விலகவில்லை.