யானை லீவும் ஐந்து கையெழுத்தும்

1. ஒன்பது மணி பெல்

ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் பதினோரு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தான், யார் தன் பஞ்ச் கார்டை நண்பனிடம் கொடுத்து அடிக்கச் சொன்னான் என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். லேட்டாக வருபவனைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். எண்பதுகளின் கடைசியில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கொதிப்பு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சாந்தா மேடம் ஆள் அனுப்பினார். சானமாவுக் காட்டை ஒட்டிய இருளர் குடியிருப்பில், படிப்பைப் பாதியில் விட்டவர்களைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு பிரைவேட்டாகத் தயார் செய்யும் பள்ளி ஒன்றை அவர் நடத்திவந்தார். ஒரே ஓர் ஓட்டுக் கட்டடம். ஐந்து மாணவர்கள். கணக்கும் அறிவியலும் நடத்த ஆள் இல்லை. நான் பி.எஸ்சி. என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு பெல் அடித்தேன். ஒருவரும் வரவில்லை. ஒன்பதரைக்கு மறுபடி அடித்தேன். பத்து மணிக்கு, பெல் பழுதோ என்று அதையே தட்டிப் பார்த்தேன். பதினோரு மணிக்குத் தலையில் சீமாற்றுப் புல் கட்டோடு ஒருவர் வந்தார். இருபத்தாறு வயது, இரண்டு குழந்தைகளின் தகப்பன். பெயர் பசுவன். என் வகுப்பின் மூத்த மாணவர்.

"மணி என்னப்பா ஆவுது?" என்று கத்தினேன்.

"எனக்கு எப்பிடிங்க சார் தெரியும்? கடியாரம் உங்க கையிலதான இருக்குது?" என்றார் மிக மரியாதையாக.

அன்று மாலை மேடத்திடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க ஃபேக்டரியில ஷிப்ட் உண்டா இல்லியா?" என்றார்.

"உண்டு மேடம்."

"அப்ப இங்கயும் போடுங்க. அவங்க காட்டுக்குப் போற நேரத்துல நீங்க பெல் அடிச்சா, யாரு வருவாங்க? செவுரா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஷிப்ட் ஷெட்யூல் எழுதினேன். காட்டுக்குப் போகுமுன் 'ஏ' ஷிப்ட், ஆறு முதல் எட்டு. திரும்பி வந்த பிறகு 'பி' ஷிப்ட், நாலு முதல் ஆறு. புளி உலுக்கும் மாதத்தில் பள்ளிக்கூடமே புளிய மரத்தடிக்குப் போகும். கரும்பலகையைத் தூக்குவது என் பொறுப்பு. மறுநாள் ஆறு மணிக்கு ஐந்து பேரும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பத்து நிமிடம் லேட்.

2. காரணம்: 'இ'

டைம் ஆபீஸ் புத்தி போகுமா? வருகைப் பதிவேட்டில் காரணக் குறியீடு வைத்தேன். 'எஸ்' என்றால் உடம்பு சரியில்லை, 'எஃப்' என்றால் காட்டு வேலை. இரண்டே வாரத்தில் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. 'இ'. எலிபன்ட்.

"வழியில ஆன நின்னுச்சுங்க சார்" என்பார்கள். கம்பெனியில் ஒரே பாட்டியை நாலு தடவை சாகடித்து லீவு வாங்கியவர்களைப் பார்த்தவன் நான். நம்புவேனா? ஒருநாள் நேரில் சரிபார்க்கக் கிளம்பினேன். ஏரிக்கரை வளைவில் திரும்பியதும் சரிபார்த்துவிட்டேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. மற்றதோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு வாத்தியார் பெயருக்கு நேரேயும் 'இ' விழுந்தது. அதை எழுதியவள் மாதி.

மாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது இருபது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனி பெண்களை டிரெய்னியாக எடுத்தது. பத்தாம் வகுப்பு பாஸ் வேண்டும், இருபத்தொரு வயதைத் தாண்டக் கூடாது. அந்த வருடத் தேர்வை எழுதாவிட்டால் அவளுக்கு அந்தக் கதவு மூடிவிடும். 'ஏ' ஷிப்ட், 'பி' ஷிப்ட் இரண்டுக்கும் தவறாமல் வந்த ஒரே ஆள் அவள்தான்.

3. வாய்க்கு ஒரு விடை, கைக்கு ஒரு விடை

என் வகுப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. கம்பெனி வழக்கப்படி சீனியாரிட்டி பார்த்து எந்தக் கேள்வியையும் முதலில் பசுவனிடம்தான் கேட்பேன். கணக்கு அவருக்கு வரவே வராது. "தெரியாதுங்க சார்" என்பார். அடுத்தவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கடைசியில் மாதிக்கும் தெரியாது. விதியே என்று பித்தாகரஸ் தேற்றத்தை நாலு வாரம் நடத்தினேன். ஐந்து பேரும் கொஞ்சமும் சலிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் டெஸ்ட் வைத்தால் பசுவனைத் தவிர நாலு பேரும் சரியாக எழுதினார்கள். காப்பிதான் என்று முடிவு கட்டினேன். ஆளுக்கொரு மரத்தடியில், நாற்பதடி தள்ளித் தள்ளி உட்கார வைத்து மறுபடி டெஸ்ட் வைத்தேன். மரத்துக்கு மரம் ஓடிக் கண்காணித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. மறுபடியும் நாலு பேர் சரி. பேசக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த முட்டாள்தனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

4. ஆபீசர் வந்தார்

தேர்வு விண்ணப்பங்களில் கல்வி அலுவலகக் கையெழுத்து வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. "காட்டுல ஷிப்ட் போட்டு நடத்துற ஸ்கூலா? நானே வந்து டெஸ்ட் பண்ணாம கையெழுத்து கெடையாது" என்று சொல்லியிருந்த ஆபீசர், ஒரு மாலை ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஷெட்யூலைப் பார்த்தார். நாலு வாரமும் பித்தாகரஸ் என்றே எழுதியிருந்த பாடக் குறிப்பைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். "இது என்ன சார், 'இ'?"

"யானை சார்."

அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "செங்கோண முக்கோணம். ஒரு பக்கம் மூணு, இன்னொரு பக்கம் நாலு. கர்ணம் எவ்வளவு?" என்று முன்வரிசையில் இருந்த பசுவனைக் காட்டினார்.

"தெரியாதுங்க சார்."

அடுத்தவர்: "தெரியாதுங்க." அதற்கடுத்த இருவரும் அப்படியே. கடைசியாக மாதி. அவளுக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவள் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதுங்க சார்" என்றாள்.

ஆபீசர் ஃபைலைக் கட்டினார். "நாலு வாரம் இதையேவா நடத்துனீங்க? நல்லா நடத்துனீங்க போங்க" என்று ஜீப்புக்கு நடந்தார்.

நான் மாதியிடம் பாய்ந்தேன். "உனக்கு விடை தெரியுமா, தெரியாதா?"

"அஞ்சு சார்."

"அப்ப ஏம்மா வாய மூடிக்கினு நின்ன?"

"பசுவண்ணன் தெரியாதுன்னு சொல்லிட்டாருல்ல. அதுக்கு மேல நான் சொன்னா, நாலு பேரு முன்னால அவரு மூஞ்சி என்னாவும்? எங்காளுங்க அப்பிடிப் பண்ண மாட்டோம் சார்."

"உன் வேலை போயிடும்மா!"

"தெரியும் சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாகத் தினமும் பசுவனை முதலில் எழுப்பி அவமானப்படுத்தியது நான்தான். அதை மறைக்க அவர்கள் நாலு பேரும் சேர்ந்து என்னிடம் முட்டாள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

வாசலில் பசுவன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் முகம் வெளுத்திருந்தது. "ஏரிக்கரையில மூணு நிக்குது சார், ஒரு குட்டியோட." ஆபீசர் வேகமாக வகுப்புக்குள் வந்து, ஜன்னல் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார். 'இ' என்றால் என்ன என்று அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

பசுவன் தலைத்துண்டைக் கட்டினார். "நான் போயி எந்தப் பக்கம் நவுருதுன்னு பாத்துட்டு வரேன் சார். வர்றதுக்கு நேரமாவும். அதுவரைக்கும் சும்மா ஏன் குந்திகினு இருக்கணும்? ஆபீசர் சாரு இவங்கள எதனா கேக்கட்டும்" என்றார். மாதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஆபீசரைக் கெஞ்சினேன். வேறு வேலையும் இல்லாததால் அவர் கேட்டார். கர்ணம் கேட்டார், அஞ்சு வந்தது. மின்தடை கேட்டார், வந்தது. இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்டார். மாதி தயாரித்தே காட்டுவாள் போலிருந்தது. நாலு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். அந்த அறையில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆபீசர் நாலு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். ஐம்பதடியில், புளிய மரத்தடியில் பசுவன் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது. யானை போயிடுச்சா?"

"அது நான் போனப்பவே போயிடுச்சே சார்."

பின்னால் ஆபீசர் நின்றிருந்தார். பசுவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மூடிய பேனாவைத் திறந்து, "அஞ்சாவது அப்ளிகேஷன் எங்க?" என்றார்.

5. கற்றுக்கொண்டது

நாலு பேர் முதல் தடவையே பாஸ். பசுவன் கணக்கை மூன்றாவது தடவையில் தாண்டினார். மாதிக்கு டிரெய்னி வேலை கிடைத்தது. முதல் லீவில் வந்தபோது கேட்டேன், "அங்க கிளாஸ்ல வாயத் தொறந்து பதில் சொல்றியா?"

"சொல்றேன் சார். முன்னாடி ஒரு சேலத்துப் பொண்ணு உக்காந்திருக்கும். அதுக்குத் தெரியலன்னா, மொதல்ல அத தண்ணி குடிக்கப் போவச் சொல்லிடுவேன். அப்புறம் எழுந்து சொல்வேன்."

நான் கற்றது இவ்வளவுதான். வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை என்றால், முதலில் யாரை எழுப்பினோம் என்று பாருங்கள். அதன் பிறகு நான் யாரையும் தனியாக எழுப்பிக் கேட்டதில்லை. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அவர்களே கூடிப் பேசி ஒரு விடை சொல்வார்கள்.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஷிப்ட் நடுவில் எழுந்து போனவனுக்கு அரை நாள் கட் என்பது பதினோரு வருடம் நான் மீறாத சட்டம். அன்றைய தேதியில் பசுவன் பெயருக்கு நேரே நான் எழுதியிருப்பது: முழு ஷிப்ட், பிளஸ் ஓவர்டைம்.