கூடுவாஞ்சேரியில் கோல்ஃப் மட்டை அடித்தவர்

தொண்ணூறுகளில் கூடுவாஞ்சேரிக்கு மனை பார்க்கப் போன இடத்தில்தான் அவரைச் சந்தித்தேன். "இந்த லேஅவுட்டுல கோல்ஃப் மைதானம் வருது சார்" என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சியாக, முள்செடிகளுக்கு நடுவே, மடித்துக் கட்டிய வேட்டியும் கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர் கோல்ஃப் மட்டையோடு நின்றிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், தேங்காய் வாங்குகிறவரைப் போல, மட்டையின் இரும்புத் தலையைக் காதருகே பிடித்துத் தட்டிக் கேட்டார்.

புரோக்கர் நகர்ந்ததும் அவரிடம் விசாரித்தேன்.

"மைதானமா? எனக்குத் தெரியாது சார். நான் இரும்புலியூர்ல மட்டை செய்யறவன். தலை மட்டும் வெளிநாட்லேர்ந்து மலிவா வருது. தண்டு மாட்டி ஒட்டறது நான். ஒட்டிக்கிச்சான்னு அடிச்சுப் பாக்க இடம் வேணுமே? ஞாயித்துக்கிழமை மனை பாக்க பார்ட்டி வர்றப்ப அடிச்சா போதும்னு இந்த லேஅவுட்காரங்க விட்டுட்டாங்க."

"நல்லா ஆடுவீங்களா?"

"ஆட்டத்தையே பாத்ததில்ல சார்" என்று சொல்லிவிட்டு ஓங்கி வீசினார்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலை மட்டும் கழன்று, எல்லைக்கற்களைத் தாண்டிப் பறந்துபோய்ப் பக்கத்து ஏரியில் விழுந்தது. மனை பார்க்க வந்திருந்த குடும்பங்கள் கைதட்டின. அவரோ வெறும் தண்டைப் பார்த்தபடி கூனிக் குறுகி நின்றார்.

"பசை இன்னும் ஒருநாள் காஞ்சிருக்கணும் சார். என் தப்பு."

அன்று அங்கே என்னிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அத்தனையும் கேட்ட பிறகும், அன்று மாலையே அந்த மனையை வாங்கச் சம்மதித்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.